‘மெமரிஸ் ஆஃப் மர்டர்’ படம்: எங்கள் திரையிடலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் சில பேர் கூடிப் படம் பார்ப்போம். முடிந்ததும் உட்கார்ந்து பேசுவோம். இதுவரை போட்ட படங்களில் எங்களை அதிகம் பேசவைத்தது ‘மெமரிஸ் ஆஃப் மர்டர்’. போங் ஜூன்-ஹோ இயக்கி 2003இல் வந்த கொரியப் படம். மாடியில் ஆரம்பித்த பேச்சு கீழே தே தாரிக் கடையிலும் ஓயவில்லை, அப்புறம் வாட்ஸ்அப்பிலும் ஓயவில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். படம் பார்க்காதவர்களும் படிக்கலாம். கதையின் முடிவைத் தொடும் இடம் வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

படம் எதைப் பற்றியது?

1986 அக்டோபர். தென்கொரியாவில் வயல்கள் சூழ்ந்த ஒரு சிற்றூர். வயலோரக் கால்வாயில், கைகள் கட்டப்பட்ட நிலையில் ஒரு பெண்ணின் சடலம் கிடக்கிறது. அடுத்தடுத்து இன்னும் சில பெண்கள் அதே மாதிரி கொல்லப்படுகிறார்கள். ஆளின் கண்ணைப் பார்த்தாலே குற்றவாளியா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று நம்புகிறவர் உள்ளூர் அதிகாரி பார்க் டூ-மான். ஆவணங்கள் பொய் சொல்லாது என்று நம்புகிறவர் சோல் நகரத்திலிருந்து வந்த சோ டே-யூன். இருவரும் சேர்ந்து கொலையாளியைத் தேடுகிறார்கள். கதை இவ்வளவுதான். ஆனால் தேடலின் போக்கில் இந்த இருவரும் என்னவாக மாறிப்போகிறார்கள் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை படமே.

பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. யார் யார் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

நியாயமான கேள்வி. வட்ட முகத்தோடு, எதற்கும் அசராமல் திரிகிறாரே, அவர்தான் பார்க் டூ-மான். நடித்தவர் சாங் காங்-ஹோ. ‘பாரசைட்’ படத்தில் அப்பாவாக வந்தவர் என்றால் சட்டென்று பிடிபடும். ஒல்லியாக, சிரிக்காமல் இருக்கும் சோல்காரர் சோ டே-யூன். நடித்தவர் கிம் சாங்-கியுங். சந்தேக நபர்களை உதைப்பதையே வேலையாக வைத்திருப்பவர் ஜோ யோங்-கு. முகத்தில் தீக்காயத் தழும்போடு வரும் உணவகக்காரர் மகன் பேக் குவாங்-ஹோ. மென்மையான கைகளோடு பின்பாதியில் வரும் ஆலைத் தொழிலாளி பார்க் ஹியோன்-கியூ. அப்புறம், வானொலிப் பாட்டைக் கவனித்து வழக்கையே திருப்பும் பெண் காவலர் குவோன். நிலையத்தில் எல்லாருக்கும் காபி கலக்க வைக்கப்படும் இவருக்குத்தான் அந்த அறையிலேயே அதிகம் மூளை வேலை செய்கிறது. அவர் வரும் காட்சிகளைத் தவறவிடாதீர்கள்.

நிஜமாகவே நடந்ததா?

நடந்தது. சோலுக்குத் தெற்கே கியோங்கி மாநிலத்தில் ஹ்வாசோங் என்ற பகுதி. 1986 செப்டம்பரிலிருந்து 1991 ஏப்ரல் வரை அங்கே பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். மூத்தவருக்கு 71 வயது. மிக இளையவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. கொரியா அதுவரை காணாத அளவுக்கு விசாரணை நடந்தது. 20 லட்சம் ஆள்-நாட்களுக்கும் மேலாகக் காவலர்கள் உழைத்தார்கள், 21,000க்கும் அதிகமானோர் விசாரிக்கப்பட்டார்கள். ஆனாலும் ஆள் சிக்கவில்லை.

கிம் குவாங்-ரிம் இந்த வழக்கை வைத்து 1996இல் ஒரு மேடை நாடகம் எழுதினார். அந்த நாடகமும் நிஜ வழக்குமாகச் சேர்ந்துதான் போங்கின் திரைக்கதைக்கு அடித்தளம். படம் வெளியானபோது கொலையாளி யாரென்று உலகத்துக்குத் தெரியாது. கொரியாவில் மட்டும் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் திரையரங்கில் பார்த்தார்கள். அத்தனை பேரும் விடை தெரியாமலேயே வீட்டுக்குப் போனார்கள்.

அப்படியென்றால் படத்தில் வருவதெல்லாம் உண்மையா?

இல்லை. பாத்திரங்கள் எல்லாமே கற்பனை. மழை பெய்யும் இரவு, சிவப்பு உடை, வானொலியில் ஒரே பாட்டு என்ற வரிசை படத்துக்காகக் கட்டப்பட்டது. நிஜக் கொலைகள் எல்லாம் மழையில் நடந்தவை அல்ல. சிவப்பு உடை என்பது அந்தக் காலத்தில் ஊரில் பரவிய வதந்தி. இன்றைக்கும் யூடியூபில் இதையெல்லாம் நிஜம் மாதிரியே சொல்கிறார்கள், நம்பாதீர்கள்.

படத்தில் மரபணு மாதிரி அமெரிக்காவுக்குப் போகிறது. நிஜத்தில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். கொரியாவில் அப்போது அந்தப் பரிசோதனைக்கு வசதி இல்லை என்பது இரண்டுக்கும் பொது.

ஆனால் விசாரணை நடந்த விதம் இருக்கிறதே, அது கற்பனை இல்லை. அடித்தார்கள், தூங்கவிடாமல் வைத்தார்கள், சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் சிலர் பிறகு தற்கொலை செய்துகொண்டார்கள். படத்தில் நம்ப முடியாததாகத் தோன்றும் பகுதிதான் நிஜத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

கொலைப் படத்தில் ஏன் இவ்வளவு சிரிப்பு? எனக்குச் சங்கடமாக இருந்தது.

சங்கடப்பட்டீர்கள் என்றால் படம் சரியாகத்தான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டாவது சடலம் கிடைக்கும் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். நீண்ட நேரம் வெட்டே இல்லாமல் ஓடும் ஒரே ஷாட். வயலுக்கு நடுவே மண்பாதை. பாதையில் ஒரு காலடித் தடம். ஒருவேளை கொலையாளியுடையதாக இருக்கலாம். பார்க் அதைச் சுற்றி அடையாளம் வைத்துவிட்டு, யாரும் மிதிக்காதீர்கள் என்று கத்துகிறார். யாரும் கேட்பதாயில்லை. ஊரே வேடிக்கை பார்க்க வந்து நிற்கிறது. பிள்ளைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறார்கள். மேலதிகாரி வரப்பிலிருந்து சறுக்கி விழுகிறார். இந்தக் கூத்துக்கு நடுவில், ஒரு விவசாயி உழவு வண்டியை ஓட்டிக்கொண்டு நிதானமாக வருகிறார். பார்க் கையை ஆட்டி ஆட்டி நிறுத்தச் சொல்கிறார். வண்டி அந்தத் தடத்தின் மேலேயே ஏறிப் போய்விடுகிறது.

நாம் சிரிக்கிறோம். சிரித்து முடிப்பதற்குள் கேமரா கீழே சடலத்திடம் போகிறது. ஒரு பெண்ணைக் கொன்றவனைப் பிடிக்க இருந்த ஒரே சாட்சியம் இப்போதுதான் நம் கண் முன்னால் நசுங்கியது, அதைப் பார்த்துத்தான் சிரித்தோம் என்று அப்போது உறைக்கிறது.

இன்னொன்று. ஜோ யோங்-கு சந்தேக நபரை உதைப்பதற்கு முன், தன் பூட்ஸுக்கு உறை மாட்டுகிறார். காயம் வெளியே தெரியக் கூடாதே! அதே சந்தேக நபரோடு, கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கறுப்பு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே தொலைக்காட்சியில் துப்பறியும் தொடர் பார்க்கிறார்கள், அந்தத் தொடரின் பாட்டையும் சேர்ந்து முணுமுணுக்கிறார்கள். உதைத்த காலும் உதை வாங்கிய உடம்பும் ஒரே மேசையில். இந்த மனிதர்களை அரக்கர்களாகக் காட்டியிருந்தால் நமக்கு எளிதாகப் போயிருக்கும். போங் அந்தச் சலுகையை நமக்குத் தரவில்லை.

பார்க், பேக் குவாங்-ஹோவுக்கு ஷூ வாங்கிக் கொடுக்கும் காட்சியும் அப்படித்தான். பிரபல பிராண்டின் போலி. ‘நைக்கி’க்குப் பதில் ‘நைஸ்’ என்று எழுதியிருக்கும். பரிசு மாதிரிக் கொடுக்கிறார். முன்னதாக அந்தப் பையனின் ஷூவை வைத்துத்தான் குற்றம் நடந்த இடத்தில் பொய்த் தடம் பதித்திருந்தார்.

திடீர் திடீரென்று சைரன் ஊதுகிறது, விளக்கை அணைக்கிறார்கள். போர் நடக்கிறதா?

போர் இல்லை, பயிற்சி. அன்றைய தென்கொரியா சுன் டூ-ஹ்வானின் இராணுவ ஆட்சியில் இருந்தது. வடகொரியா தாக்கினால் என்ன செய்வது என்று மக்களை அவ்வப்போது பழக்குவார்கள்: சைரன் ஊதும், விளக்கணைக்க வேண்டும், கடைகளின் கதவை இழுத்து மூட வேண்டும். படத்தில் ஊரே இருட்டாகும் அந்த இரவில் ஒரு மாணவி கொல்லப்படுகிறாள். மக்களைக் காக்கிறோம் என்று சொல்லி அரசாங்கமே உண்டாக்கிய இருட்டு அது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு காட்சியும் உண்டு. இன்றிரவு கொலை நடக்கும் என்று துப்பறிவாளர்களுக்குக் கிட்டத்தட்ட உறுதியாகத் தெரிகிறது. வயல்வெளியைச் சுற்றி வளைக்க ஆட்கள் கேட்டு போன் போடுகிறார்கள். ஆட்கள் இல்லை, எல்லாரையும் ஆர்ப்பாட்டத்தை அடக்க அனுப்பிவிட்டோம் என்று பதில் வருகிறது. 1987 ஜனவரியில் சோலில் ஒரு கல்லூரி மாணவர் காவல் விசாரணையில் சித்திரவதைப்பட்டு இறந்தார். அதே ஆண்டு ஜூனில் நாடே தெருவுக்கு வந்தது. நேரடித் தேர்தல் வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஆட்சி பணிய வேண்டியதாயிற்று. படம் இந்த வரலாற்றை எங்கும் நிறுத்தி விளக்குவதில்லை. கொரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் போகிற போக்கில் காட்டிவிட்டுப் போகிறது. நமக்குத் தெரிந்தால் படம் இரண்டு மடங்கு கனமாகிறது.

கடைசியில் கொலையாளி யார்?

படம் பார்க்காதவர்கள் இந்தக் கேள்வியையும் அடுத்ததையும் தாண்டிப் போய்விடுங்கள்.

படம் சொல்வதில்லை. ரயில் சுரங்கப்பாதை வாசலில், கொட்டும் மழையில், அமெரிக்காவிலிருந்து வந்த அறிக்கை, மரபணு பொருந்தவில்லை என்கிறது. ஆவணம் பொய் சொல்லாது என்று முதலில் சொன்னாரே சோ டே-யூன், அவரே இப்போது அந்தத் தாளை நம்ப மறுத்து, கைவிலங்கு போட்ட இளைஞன் பார்க் ஹியோன்-கியூவைச் சுடப் பாய்கிறார். தடுப்பவர் பார்க். ஆரம்பத்தில் அடித்து வாக்குமூலம் வாங்கிக்கொண்டிருந்த பார்க்! இருவரும் இடம் மாறிவிட்டார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. தமிழ்ப் படத்தில் என்றால் இந்த இடத்தில் கொலையாளியின் சிறுவயதுக் கதை பத்து நிமிடம் ஓடும், நாயகன் நியாயம் பேசுவார், நாமும் நிம்மதியாக எழுந்து போவோம். எங்கள் மாடியில் படம் முடிந்ததும் பலர் இன்னும் ஏதோ வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க் கடைசியில் ஏன் நம்மை அப்படிப் பார்க்கிறார்?

2003க்குத் தாவுகிறது கதை. பார்க் இப்போது காவல் துறையில் இல்லை, வியாபாரம் செய்கிறார். போகிற வழியில் அந்தப் பழைய வயலைப் பார்த்து இறங்கி, முதல் சடலம் கிடந்த கால்வாய்க்குள் குனிந்து பார்க்கிறார். அங்கே வரும் ஒரு சிறுமி, கொஞ்ச நாளைக்கு முன் இன்னொருவரும் இதே மாதிரி எட்டிப் பார்த்தார் என்கிறாள். முன்பு இங்கே செய்த ஒரு காரியம் ஞாபகம் வந்தது என்றாராம். முகம் எப்படி இருந்தது என்று பார்க் கேட்கிறார். சாதாரணமாகத்தான் இருந்தது என்கிறாள் சிறுமி. பார்க் திரும்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறார்.

கொலையாளி என்றாவது தியேட்டருக்கு வந்து இந்தப் படத்தைப் பார்ப்பான், அப்போது அவன் கண்ணும் துப்பறிவாளரின் கண்ணும் சந்திக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி எடுத்தேன் என்று போங் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கண்ணைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடிப்பேன் என்று படம் முழுக்கச் சொல்லித் திரிந்த மனிதர் அவர். இப்போது தியேட்டரில் இருக்கும் எல்லார் கண்ணையும் பார்க்கிறார். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நிஜக் கொலையாளி பிடிபட்டானா?

பிடிபட்டான் என்று சொல்வது சரியல்ல. அவன் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தான்.

2019 செப்டம்பரில், பல ஆண்டுகளாகப் பாதுகாக்கப்பட்டிருந்த சாட்சியப் பொருட்களில் கிடைத்த மரபணு, பூசான் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த லீ சுன்-ஜே என்பவனுடையதோடு பொருந்தியது. 1994இல் மனைவியின் தங்கையைப் பாலியல் வன்முறை செய்து கொன்றதற்காக உள்ளே போனவன். ஹ்வாசோங்கில் பிறந்து வளர்ந்தவன். முதலில் மறுத்தான். பிறகு அந்தப் பத்துக் கொலைகளோடு இன்னும் நான்கையும் சேர்த்து மொத்தம் பதினான்கு என்று ஒப்புக்கொண்டான். படத்தைச் சிறையிலேயே பார்த்ததாகவும், எந்த உணர்வும் வரவில்லை என்றும் 2020 நவம்பரில் நீதிமன்றத்தில் சொன்னான்.

போங் தன் நாயகனை எவன் கண்ணைப் பார்க்க வைத்தாரோ, அவன் பார்த்தே விட்டான். ஒன்றும் ஆகவில்லை.

எல்லாரும் தவறவிடும் ஒரு செய்தி: எண்பதுகளிலேயே அவனைக் காவல் துறை விசாரித்திருக்கிறது, ஒரு தடவைக்கு மேல். கொலையாளியின் இரத்தம் ‘பி’ வகை என்று அப்போது முடிவு கட்டியிருந்தார்கள். அவனுடையது ‘ஓ’. போகச் சொல்லிவிட்டார்கள். அறிவியலைப் பயன்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது. தவறான ஒரு அனுமானத்தை அறிவியலாக எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தாதவனை வெளியே விட்டு, பொருந்துகிறவர்களை உள்ளே இழுத்தார்கள்.

பதினான்கு கொலையை ஒப்புக்கொண்டவனுக்கு ஏன் புதிதாகத் தண்டனை இல்லை?

அன்றைய கொரியச் சட்டப்படி கொலை வழக்குக்கு 15 ஆண்டு கால வரம்பு. கடைசிக் கொலை நடந்தது 1991 ஏப்ரலில். 2006 ஏப்ரலோடு எல்லாம் காலாவதி. 2007இல் வரம்பை 25 ஆண்டாக்கினார்கள், 2015இல் கொலைக்கு வரம்பே வேண்டாம் என்று எடுத்தார்கள். ஏற்கெனவே காலாவதியான வழக்குகளுக்கு அது பொருந்தாது. மலேசியாவில் கொலை வழக்குக்கு இப்படிக் கால வரம்பு கிடையாது.

வேறு யாரையோ தவறாக உள்ளே போட்டார்களாமே?

ஆமாம். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இந்தக் கேள்விக்காகத்தான். எங்கள் கூட்டத்தில் ‘கொலையாளி யார்’ என்று கேட்டவர்கள் பத்துப் பேர் என்றால், இதைக் கேட்டவர் ஒருவர்தான்.

1988 செப்டம்பரில் நடந்த எட்டாவது கொலை. ஒரு சிறுமி, தன் வீட்டில், தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டாள். மற்றவை வெளியிடங்களில் நடந்திருந்ததால், இது வேறு எவனோ பார்த்துச் செய்தது என்று காவல் துறை முடிவு செய்தது. 1989 ஜூலையில் 22 வயது இளைஞர் ஒருவரைப் பிடித்தார்கள். விவசாய இயந்திரங்கள் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. ஏழை. தொடக்கப் பள்ளியைக் கூட முடிக்காதவர். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் ஊனம்.

மூன்று நாள் தூங்கவிடவில்லை. நடக்கவே சிரமப்படும் மனிதரைத் தோப்புக்கரணம் மாதிரி உட்கார்ந்து எழ வைத்தார்கள். அடித்தார்கள். வாக்குமூலம் வந்தது. குற்றவாளி சுவர் ஏறிக் குதித்து வந்தான் என்பது வழக்கு. அந்தக் காலோடு அவரால் சுவர் ஏற முடியாது. சம்பவத்தை நடித்துக் காட்டச் சொன்னபோதே அது தெரிந்திருக்க வேண்டும். போதாததற்கு, கிடைத்த முடியைக் கதிரியக்க முறையில் பரிசோதித்து அது அவருடையதுதான் என்று ஓர் அறிக்கையும் வந்தது. ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில், அடித்துத்தான் சொல்ல வைத்தார்கள் என்று சொன்னார். எடுபடவில்லை. பிறகு தண்டனை குறைக்கப்பட்டு, 2009இல் வெளியே வந்தார். இளமை முழுவதும் உள்ளேயே போய்விட்டது.

பத்து ஆண்டு கழித்து லீ சுன்-ஜே எட்டாவது கொலையையும் தானே செய்ததாகச் சொன்ன பிறகுதான் மறுவிசாரணை. 2020 டிசம்பர் 17 அன்று சுவோன் மாவட்ட நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. நீதித் துறை தன் கடமையைச் செய்யத் தவறியது என்று நீதிபதி மன்னிப்புக் கேட்டார். அரசுத் தரப்பு வழக்கறிஞர்களே விடுதலை செய்யும்படி கேட்டிருந்தார்கள். காவல் துறையும் மன்னிப்புக் கேட்டது.

இதைவிடக் கொடுமை ஒன்றும் காவல் துறை நடத்திய மறுவிசாரணையில் வெளிவந்தது. 1989 ஜூலையில் ஒரு தொடக்கப்பள்ளி மாணவி காணாமல் போயிருந்தாள். வீட்டை விட்டு ஓடிப்போனவள் என்று கோப்பை மூடியிருந்தார்கள். அவளையும் கொன்றது லீதான். அவளுடைய எலும்புகள் அப்போதே கிடைத்தும், விசாரணை அதிகாரிகள் அதை மறைத்துவிட்டார்கள் என்று தெரியவந்தது. பெற்றோர் முப்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். அந்த அதிகாரிகள் மேலும் நடவடிக்கை எடுக்க முடியவில்லை. கால வரம்பு கடந்துவிட்டது.

2003இல் எடுத்த படத்துக்கு இதெல்லாம் தெரியாது. ஆனாலும் பேக் குவாங்-ஹோ என்ற பாத்திரத்தைப் பாருங்கள்: ஏழை வீட்டுப் பையன், உடம்பில் குறை, தன் பக்கம் பேச ஆளில்லை, சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிறான். அப்படிப்பட்ட ஒருவர் நிஜமாகவே பதினான்கு ஆண்டாகச் சிறையில் இருந்தபோதுதான் கொரியர்கள் தியேட்டரில் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

செத்துப்போன பெண்களை வைத்துப் படம் எடுத்துச் சம்பாதிக்கலாமா?

எங்கள் கூட்டத்தில் வயதில் மூத்த அக்கா ஒருவர் கேட்டது. தோட்டத்தில் வளர்ந்தவர். இருட்டில் செம்பனை மரங்களுக்கு நடுவே வேலை முடித்து நடந்து வந்த பெண்களின் பயம் அவருக்குத் தெரியும்.

என் பதில்: எடுக்கலாம், எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து. இந்தப் படம் கொலையாளியைப் பெரிய அறிவாளியாக ஆக்கவில்லை. பள்ளியில் ஒரு மாணவிக்கு சோ டே-யூன் காயத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டிவிடுகிறார். பிறகு சடலத்தின் மேல் அதே பிளாஸ்டரைப் பார்க்கிறார். அந்த ஒரு பொருள் போதும், இறந்தது ஒரு எண்ணிக்கை இல்லை என்று சொல்ல. ஆனால் அக்கா சொன்ன குறையும் சரியே. பெரும்பாலான பெண்கள் சடலமாகத்தான் படத்துக்குள் வருகிறார்கள். அவர்களுடைய வீடு, குடும்பம், அவர்களுக்குப் பிடித்தது என்ன என்பதெல்லாம் நமக்குக் கிடைப்பதில்லை. ஆண்களின் தோல்வியைச் சொல்லும் படமாகவே இது நிற்கிறது. மிகச் சிறந்த படம் என்று சொல்லிக்கொண்டே இந்தக் குறையையும் சொல்லலாம்.

ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒரு செய்தி. ஹ்வாசோங் மக்கள் தங்கள் ஊர்ப் பெயர் கொலையோடு ஒட்டிக்கொண்டதைத் தாங்காமல் கேட்டுக்கொண்டதால், 2019 இறுதியில் காவல் துறை வழக்கின் பெயரைக் குற்றவாளியின் பெயருக்கே மாற்றியது.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். 16 வயதுக்கு மேல் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் பேசுங்கள்.

இதே வழக்கை வைத்துக் கொரியத் தொடர்களும் உண்டா?

உண்டு. 2016இல் வந்த ‘சிக்னல்’ இந்த வழக்கின் சாயலை எடுத்துக்கொண்டது. அதில் பழைய வாக்கிடாக்கி மூலம் கடந்த காலத்தோடு பேசலாம். நன்றாகவே இருக்கும். ஆனால் அதில் கிடைக்கும் ஆறுதலை இந்தப் படத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

கொரியாவில் நடந்ததை நாம் ஏன் இவ்வளவு மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்?

லோக்காப்பில், அதாவது காவல் நிலையச் சிறையறையில், என்ன நடக்கும் என்பது மலேசியத் தமிழர்களுக்குத் தெரியாத கதை இல்லை. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் காவலில் இருந்த குகன் என்ற தமிழ் இளைஞர் இறந்தார். குடும்பம் விடாமல் இரண்டாவது பிரேதப் பரிசோதனை கேட்டு வாங்கியது. உடம்பில் அடித்த காயங்கள் அதில் வெளிவந்தன. 2013இல் உயர் நீதிமன்றம் காவல் துறையும் அரசும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அந்தப் பெயரை எங்கள் கூட்டத்தில் யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, பூட்ஸுக்கு உறை மாட்டும் காட்சியில் எல்லாரும் அதையே நினைத்தார்கள்.

சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. காவல் துறையைச் சீர்திருத்த அமைந்த அரச விசாரணை ஆணையம் 2005இல் அறிக்கை தந்து, புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான அமைப்பு வேண்டும் என்றது. அது கேட்ட அளவுக்கு அதிகாரம் இல்லாத ஒரு ஆணையம் 2023 ஜூலையில்தான் செயல்படத் தொடங்கியது. இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை: 2007இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, காவல் அதிகாரியிடம் சொன்ன வாக்குமூலத்தைப் பொதுவாக அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. சில தனிச் சட்டங்களில் விலக்கு உண்டு. அடித்து வாங்கினால் பயனில்லை என்றால் அடிப்பது குறையும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் வாக்குமூலம் செல்லாது என்றாலும், காவலில் விழும் அடி அடிதானே.

சரி, நம் வீட்டுப் பையனை மாத்தா (போலீஸ்) பிடித்தால் என்ன செய்வது?

படத்தைப் பார்த்துவிட்டு ஓர் அம்மா கேட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இது வழக்கறிஞர் ஆலோசனைக்கு மாற்று அல்ல.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி, எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும். விசாரிக்கத் தொடங்குவதற்கு முன், உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கும் வழக்கறிஞருக்கும் தொடர்புகொள்ள அனுமதிக்க வேண்டும். அவசரச் சூழ்நிலை என்று சொல்லி இதை மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு, அதனால் உடனே வற்புறுத்திக் கேளுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமென்றால் மாஜிஸ்ட்ரேட் முன் கொண்டுபோக வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமானால் தடுப்புக் காவல் முதலில் அதிகபட்சம் 4 நாள், அடுத்து 3 நாள். அதைவிடப் பெரிய குற்றங்களுக்கு ஒவ்வொரு முறையும் 7 நாள் வரை.

மாஜிஸ்ட்ரேட் முன் நிற்கும்போது அடித்திருந்தால் அங்கேயே வாய் திறந்து சொல்ல வேண்டும், மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். இதைப் பையன்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் பயத்தில் வாய் வராது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தைக் கேட்கலாம். மலாயில் சுருக்கமாக ஒய்.பி.ஜி.கே. என்பார்கள். கைது, தடுப்புக் காவல் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் தருவதற்காகவே அமைக்கப்பட்டது. பையனின் அடையாள அட்டை எண், எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் பெயர், இந்த மூன்றையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.